மறு: மறு: பேக்ட் பீன்ஸுக்குத் தமிழ்? (வியாழன் இரவுக்குள் வேணும்)

ம., ஈஸ்ட் ஹாம்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே லண்டனில், எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் சமையற்குறிப்பு எழுதப் பழகுகிறார்கள். அவர்களே தெரிவு செய்த உணவு பேக்ட் பீன்ஸ், தக்காளிச் சாற்றில் வெந்த வெள்ளை பீன்ஸ். காலையில் வாட்டிய பாணுக்கு (ரொட்டிக்கு) மேல் ஊற்றிச் சாப்பிட்டு வளர்கிற பிள்ளைகள், வேறெதைத் தெரிவு செய்வார்கள்? ரின் (தகர டின்) உடைக்காமல் வீட்டிலேயே செய்கிற முறையை எழுதிவிட்டேன். தலைப்புத்தான் இன்னும் இல்லை. வெள்ளி காலை அச்சுக்குக் கொடுக்க வேணும்.

குறிப்பு இது. 250 கிராம் காய்ந்த ஹரிகோ பீன்ஸை (சின்ன வெள்ளை பீன்ஸ்) இரவு முழுக்க ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேணும். பிறகு நெருப்பைக் குறைத்து, விரலால் நசுக்கினால் மசியும்வரை, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அவிக்க வேணும். வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, 500 கிராம் வடித்த தக்காளிக் கூழ், ஒரு மேசைக்கரண்டி மண்ணிறச் சீனி, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, உப்பு, கொஞ்சம் பப்ரிகாத் தூள் சேர்த்து, பீன்ஸையும் அவித்த தண்ணீரில் ஒரு கோப்பையையும் விட்டு, மூடிய சட்டியில் 150 பாகை செல்சியஸ் போறணையில் (ஓவனில்) ஒரு மணி நேரம்.

"சுட்ட போஞ்சி விதை" என்று போட்டுப் பார்த்தேன் (போஞ்சி என்றால் எங்களுக்கு பீன்ஸ்). நெருப்பில் வாட்டிய சோளம்போல இருக்கிறது. உதவுங்கோ.

செ., மதுரை:

அம்மா, உங்கள் ஐயம் சரியானது. அடுதலும் சுடுதலும் வேறு. "அட்டாலும் பால்சுவையில் குன்றாது" என்று பாலுக்கு அடுதலைச் சொன்ன மூதுரை, "சங்கு சுட்டாலும் வெண்மை தரும்" என்று சங்குக்குச் சுடுதலைச் சொல்கிறது. நீர்மத்தில் வேவது அடுதல். நேரே அனலில் படுவது சுடுதல். சாற்றில் கிடக்கும் பயற்றைச் சுட்டதென்று சொல்வது பிழை.

புதுச்சொல் ஆக்கவும் தேவையில்லை. பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்தார் வரகுச் சோற்றோடு தருவது "அவரை வான் புழுக்கு", அதாவது வேகவைத்த அவரை. வேங்கைப் பூவைப் போன்றது என்று உவமையும் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பெயரிட்டு வைத்திருக்கும்போது நாம் ஏன் ஆங்கிலப் பெயரின் பின்னால் ஓட வேண்டும்? "அவரைப் புழுக்கு" என்றே அச்சிடுங்கள்.

க., கோயம்புத்தூர்:

செ. ஐயா சுட்டிய வரி அருமை. ஆனால் செடி வேறு. அவரை நம் மண்ணில் நெடுங்காலம் இருப்பது. குறுந்தொகையில் புதரில் ஏறிக் கிளிமூக்குப் போலப் பூக்கிற கொடி அது. ஹரிகோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ராஜ்மா, நாம் பொரியலுக்கு நறுக்கும் பச்சை பீன்ஸ் எல்லாம் அதே இனம். நான் இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தாளில் அவரை என்று இருந்தால், ஈஸ்ட் ஹாம் கடைக்குப் போகும் அம்மா அவரைக்காயையோ மொச்சையையோதான் கேட்டு வாங்குவார். சமையற்குறிப்பின் தலைப்பு கடைச்சீட்டும்கூட.

தி., சென்னை:

மொழிபெயர்ப்பாளனாக என் கருத்து. முதலில், ரின்னில் வருவது பேக் செய்யப்பட்டதே இல்லை. பீன்ஸை லேசாக வெந்நீரில் வேகவைத்து, சாற்றோடு தகரத்தில் அடைத்து மூடி, மூடிய தகரத்தை நீராவியில் வேகவைக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் பன்றி இறைச்சியும் கரும்புப் பாகும் சேர்த்து மண்சட்டியில் அடுப்புக்குள் மணிக்கணக்காக வைத்தார்களே, அந்தக் காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஹைன்ஸ் நிறுவனமே 2008இல் பிரிட்டனில் தன் தகரத்தின் மேல் 'பேக்ட்' என்பதை எடுத்துவிட்டு வெறும் பீன்ஸ் என்று போட்டது. விற்கிறவர்களே கைவிட்ட சொல்லை நாம் ஏன் தூக்கிச் சுமக்கிறோம்?

இரண்டாவது, புழுக்கு வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை அதில் புழுவைத்தான் கேட்கும். அதன்பிறகு தட்டைத் தொடாது. "தக்காளி பீன்ஸ்" போதும்.

செ., மதுரை:

தம்பி, புழு வேறு, புழுங்கு வேறு. புழுக்கம், புழுங்கல் அரிசி என்று நாள்தோறும் சொல்கிறோம். எந்தப் பிள்ளையும் சோற்றில் புழுவைத் தேடுவதில்லை. மலையாளத்தில் புழுக்கு இன்றும் அடுக்களைச் சொல். திருவாதிரைக்குக் கிழங்கும் பயறும் சேர்த்துப் புழுக்கு செய்கிறார்கள். மூடிய கலத்துக்குள் வெப்பமும் ஈரமும் அடைபட்டு வேவதுதான் புழுங்கல். மனம் புழுங்குவதும் அதனால்தான். உள்ளே கிடந்து வெளியேற வழியில்லாமல் வேகிறது. தகரத்துக்குள் நீராவியில் வேகிறது என்று நீங்களே எழுதினீர்கள். இதைவிடப் பொருத்தமான வினை தமிழில் எது?

வ., டொராண்டோ:

ம. அக்கா, போறணை என்று எழுதியதைப் பார்க்கச் சந்தோசம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. போர்த்துக்கீசர் விட்டுப்போனது, பாணைப்போல. போஞ்சி ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. பேக்கரியை நாங்கள் வெதுப்பகம் என்கிறோம், தமிழ்நாட்டில் அடுமனை என்கிறார்கள். அப்படியென்றால் "வெதுப்பிய போஞ்சி" சரிதானே? சுண்டல் என்று யாராவது சொல்ல முதல் சொல்லிவிடுகிறேன், எங்களுக்குச் சுண்டல் என்றால் முருங்கையிலைச் சுண்டலும் நினைவுக்கு வரும். அது சரிவராது.

செ., மதுரை:

வெதுப்புதல் இளஞ்சூடு காட்டுதல். வெதுவெதுப்பான நீரில் பயறு வேகாது.

க., கோயம்புத்தூர்:

வெதுப்பு எனக்கும் உவப்பில்லை, வேறு காரணத்துக்காக. இந்த இனப் பயறுகளில் லெக்டின் என்ற நஞ்சுப்புரதம் உண்டு. சிவப்பு ராஜ்மாவில் மிகுதி, வெள்ளையில் குறைவு. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். இளஞ்சூட்டில் கிடந்தால் போகாது. ம. எழுதிய அந்த 10 நிமிடக் கொதி எக்காரணத்தாலும் விடுபடக் கூடாது. அதோடு, பயறு மெத்தென்று ஆகுமுன் தக்காளியையோ வினிகரையோ சேர்த்தால் புளிப்பு அதன் தோலை இறுக்கிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் நறுக்கென்றே இருக்கும். "சுட்ட", "வெதுப்பிய" என்று தலைப்பு தொடங்கினால், ஊறிய பயற்றை நேரே சாற்றில் கொட்டி உள்ளே தள்ளிவிடுவார்கள். அவித்தல் முதலில். வினை வேண்டுமென்றால் "அவித்த". இல்லாவிட்டால் வினையே வேண்டாம். என் பரிந்துரை "தக்காளிப் பயறு". பயறு பொதுப்பெயர், எந்த இனத்துக்கும் பொருந்தும்.

வ., டொராண்டோ:

எங்களுக்குப் பயறு என்றால் பச்சைப் பயறு மட்டும்தான் அண்ணா. புக்கைக்குள் (பொங்கலுக்குள்) போடுவது. யாழ்ப்பாணத்து அம்மம்மா இந்தத் தலைப்பைப் படித்தால் பச்சைப் பயற்றைத்தான் ஊறப்போடுவா. கடைச்சீட்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

தி., சென்னை:

இதற்காகத்தான் பீன்ஸ் என்கிறேன். ஊட்டிச் சந்தையில் பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ் என்று மூட்டையாக வைத்து விற்கிறவருக்கு எந்த ஐயமும் இல்லை. தக்காளியே கடல் கடந்து வந்த காய். அதற்குப் பெயர் கிடைத்ததும் மணத்தக்காளியைத் தெரிந்த மக்கள், தெரிந்த சொல்லைப் புதுப் பழத்துக்குத் தந்ததால்தான்.

செ., மதுரை:

தெரிந்த தமிழ்ச் சொல்லைத் தந்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். பீன்ஸ் அப்படியா?

ம., ஈஸ்ட் ஹாம்:

எல்லாருக்கும் நன்றி. இனி என்னால் தள்ளிப்போட ஏலாது. எல்லாருக்கும் சம்மதம் இல்லை என்றாலும், க. சொன்ன தக்காளிப் பயறுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதையே தலைப்பாக வைக்கிறேன். வ. சொன்ன சிக்கல் உண்மையானது. எங்கள் வகுப்பில் அரைவாசிப் பிள்ளைகளுக்கு அம்மம்மாதான் சமைக்கிறா. அதனால் தேவையான பொருட்களில் முதல் வரி "வெள்ளை ஹரிகோ பீன்ஸ் (போஞ்சி விதை), 250 கிராம்" என்றே இருக்கும். 10 நிமிடக் கொதியைத் தடித்த எழுத்தில் போடுகிறேன், தக்காளிக்கு முதல் அவிக்க வேணும் என்பதையும். புழுக்கு பற்றிப் பெரிய வகுப்புக்குத் தனியாகச் சொல்லுவேன், ஐயா. அந்த வரியைப் பிள்ளைகள் கேட்க வேணும்.

வ., டொராண்டோ:

சரி அக்கா. ஆனால் என் வீட்டில் அது தக்காளிப் போஞ்சிதான்.

செ., மதுரை:

இந்த முடிவுக்கு உடன்படவில்லை, தடுக்கவும் இல்லை. ஒன்று மட்டும் அச்சுக்கு முன் பாருங்கள். ஒற்று விடாமல் "தக்காளிப் பயறு" என்று இருக்க வேண்டும். "தக்காளி பயறு" என்றால் உம்மைத்தொகை, தக்காளியும் பயறும் என்று இரண்டு பொருளாகிவிடும். தம்பியின் "தக்காளி பீன்ஸ்" அந்தக் குறையோடுதான் நிற்கிறது.

தி., சென்னை:

ஐயா, பீன்ஸின் பகரம் ஒலிப்புடையது, ஆங்கில b போல. அங்கே வல்லினம் மிகுமா என்பது தனி இழையில் பேச வேண்டியது. தொடங்கட்டுமா?