4 ஜிபி ராம் கடை கம்ப்யூட்டருக்கு எந்த பிரவுசர்? எட்டு டேப் திறந்தாலே தொங்குது

கடைக்காரி:
வணக்கம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வெச்சிருக்கேன். ரெண்டு கம்ப்யூட்டர்ல ஒண்ணு நல்லா ஓடுது, இன்னொண்ணு உயிரை வாங்குது. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். குரோம் போட்டிருக்கேன். எட்டு டேப் ஆனா மவுஸே நகர மாட்டேங்குது. நேத்து கடைசி நாள் அப்ளிகேஷன் போட ஒரு பொண்ணு வந்துச்சு. பணம் கட்டுற பக்கம் சுத்திக்கிட்டே நின்னுடுச்சு. பணம் போச்சா இல்லையான்னு தெரியாம ரெண்டு பேரும் திரையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். (போகல. மறுபடி கட்டினோம்.)

இதுல வலது மூலையில வேற நிமிஷத்துக்கு ஒரு பெட்டி, "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்"னு.

தம்பி பயர்பாக்ஸ் போடுங்கிறான். பக்கத்துக் கடை அண்ணன் எட்ஜே போதும்ங்கிறாரு. நீங்கல்லாம் எதை வெச்சிருக்கீங்க, ஏன் அதுன்னு சொன்னா நானும் மாத்திக்குவேன்.

சின்னவன்:
பிரேவ் போடுங்க அக்கா. விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கு, தனியா எதுவும் சேர்க்க வேண்டாம். குரோம்ல இருந்து புக்மார்க் எல்லாம் அப்படியே வந்துடும். நான் மூணு வருஷமா அதுதான்.

ராம்பத்தாது:
தம்பி, பிரேவ் நல்லதுதான், ஆனா அந்த கம்ப்யூட்டருக்கு அது மருந்து இல்ல. பிரேவ், எட்ஜ், ஓபரா, விவால்டி எல்லாத்துக்கும் உள்ளே ஓடுறது குரோமியம், குரோமுக்கும் அடிப்படை அதுதான். ஓபரா 2013லயே தன் சொந்த இன்ஜினை விட்டுட்டு இந்தப் பக்கம் வந்துடுச்சு, எட்ஜ் 2020 ஜனவரியில வந்தது. மாவு ஒண்ணு, தோசைக்கல்லுதான் வேற. விண்டோஸ்ல நிஜமாவே வேற மாவுன்னா பயர்பாக்ஸ்தான்.

மெமரி ஏன் இவ்வளவு தின்னுதுன்னா, 2018ல குரோம் 67 வந்தப்போ ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி ப்ராசஸ்ல பூட்டி வைக்கிற வேலையை எல்லாருக்கும் ஆன் பண்ணிட்டாங்க. அந்த வருஷம்தான் ஸ்பெக்டர்னு ப்ராசசர்ல இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்திருந்தது, ஒரு தளம் இன்னொரு தளத்தோட ரகசியத்தை எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு. மெமரி 10லிருந்து 13 சதவீதம் கூடும்னு கூகுளே சொல்லிச்சு. பின்னாடி பயர்பாக்ஸும் அதையே செஞ்சது. அதனால எதை மாத்தினாலும் 4 ஜிபி 8 ஜிபி ஆகிடாது.

ஆனா 4 ஜிபிக்கு எட்டு டேப்லயே மவுஸ் நிக்கிறது கொஞ்சம் ஓவர். ரெண்டு விஷயம் பண்ணிட்டு வந்து சொல்லுங்க. ஒண்ணு, மேல இருக்குற ப்ரொஃபைல் படத்தைத் தட்டி கெஸ்ட் விண்டோ திறந்து அதே எட்டு டேப் போட்டுப் பாருங்க. அங்க எக்ஸ்டென்ஷன் (பிரவுசர்ல தனியா சேர்க்குற குட்டி நிரல்) எதுவும் ஓடாது. ரெண்டு, வழக்கமான விண்டோல ஷிஃப்ட் + எஸ்கேப் அடிங்க. குரோமோட சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். எது அதிகமா தின்னுதுன்னு பேரோட காட்டும்.

பழைய மானிட்டர்:
எந்த பிரவுசர், ஏன்னு கேட்டதால ஒரு பழங்கதை. 2003, 2004 வாக்குல நாங்க இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் வெச்சிருந்தோம். பிடிச்சதால இல்ல, அதுல மட்டும்தான் தமிழ் தெரிஞ்சது. ஒவ்வொரு பத்திரிகையும் சொந்தமா ஒரு ஃபாண்ட். அந்த ஃபாண்டை எக்ஸ்ப்ளோரர் தானா இறக்கிக்கும், மத்ததுல திறந்தா கோழி கிளறின மாதிரி இருக்கும். பயர்பாக்ஸ் வந்த பிறகு பத்மான்னு ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்தான்) கிடைச்சது. அந்தக் கோழிக் கிறுக்கலை அங்கேயே யூனிகோடா, அதாவது எல்லாருக்கும் பொதுவான எழுத்து முறையா, மாத்திக் காட்டும். அன்னைக்கு மாறினவன்தான், இன்னும் பயர்பாக்ஸ்.

அதுலயும் கஷ்டம் இருந்தது. ரெண்டு ஓரமும் நேரா வர்ற மாதிரி பத்தி அமைச்சா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும். 2008ல பயர்பாக்ஸ் 3 வந்துதான் அது சரியாச்சு. 2017ல 57 வந்தப்போ பழைய வகை நீட்சிகளை மொத்தமா நிறுத்திட்டாங்க, பத்மாவும் அதோட போச்சு. அதுக்குள்ள பத்திரிகைங்க யூனிகோடுக்கு வந்துட்டதால பெருசா வருத்தம் இல்ல.

கேள்விக்கு இதுல பதில் இல்லைன்னு தெரியும். மன்னிச்சுக்கோங்க.

கடைக்காரி:
சார், கதை நல்லாத்தான் இருக்கு.

ராம்பத்தாது அண்ணே, கெஸ்ட்ல 11 டேப் திறந்தேன். கொஞ்சம் நிதானம்தான், ஆனா தொங்கல. வழக்கமான விண்டோல ஷிஃப்ட் எஸ்கேப் அடிச்சா, மேலேயே "எக்ஸ்டென்ஷன்"னு போட்டு, போட்டோ சைஸ் குறைக்கிறது ஒண்ணு நிக்குது. மெமரி 900 சொச்சம் எம்பி, சிபியு 60க்கும் 70க்கும் நடுவுல ஆடுது. நான் சும்மா உட்கார்ந்திருக்கேன், அது உழைச்சுக்கிட்டே இருக்கு! அப்ளிகேஷன்ல போட்டோ 50 கேபிக்குள்ள கேட்பாங்கன்னு கடைப்பையன் எப்பவோ போட்டதா ஞாபகம்.

அழிக்கலாம்னு போனா ரிமூவ் பட்டனே அமுங்கல. "உங்கள் நிர்வாகி நிறுவியது"ன்னு போட்டிருக்கு. கடைக்கு நிர்வாகி நான்தானே?

ராம்பத்தாது:
ஆள் அகப்பட்டுட்டான். பிரவுசர் மேல தப்பு இல்ல. கம்பெனிங்க தங்க கம்ப்யூட்டர்ல எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமா ஏத்துறதுக்குன்னு ஒரு வழி இருக்கு. அந்த வாசல் வழியா இந்தத் திருட்டு சாமான் உள்ள வந்திருக்கு. பையன் அதை ஸ்டோர்ல இருந்து போடல, ஏதோ ஒரு இன்ஸ்டாலர் இறக்கி ஓட்டியிருக்கான்.

நெட் கேபிளைப் பிடுங்கிட்டு ரெஜிஸ்ட்ரி எடிட்டரை (விண்டோஸோட உள் அமைப்புகளை மாத்துற இடம்) திறங்க. முதல்ல ஃபைல் மெனுல எக்ஸ்போர்ட் போட்டு ஒரு நகல் எடுத்து வைங்க, இதைத் தாண்டிப் போகாதீங்க. அப்புறம் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம்னு வரிசையா உள்ள போனா "எக்ஸ்டென்ஷன்இன்ஸ்டால்ஃபோர்ஸ்லிஸ்ட்"னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை மட்டும் அழிங்க. கரன்ட் யூசர் கீழேயும் இதே பாதையில ஒரு தடவை பாருங்க. ரீஸ்டார்ட் பண்ணினா ரிமூவ் பட்டன் உயிர் பெறும். எடுத்துட்டு விண்டோஸோட சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டர்ல முழு ஸ்கேன் விடுங்க.

வைரஸ் பெட்டி வேற சமாச்சாரம். ஏதோ ஒரு தளம் "அலோ" கேட்டப்போ யாரோ அமுக்கியிருக்காங்க. செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்க அனுமதி வாங்கின பட்டியல்ல தெரியாத பேர் எல்லாத்தையும் தூக்குங்க.

முக்கியமா ஒண்ணு: அந்த எக்ஸ்டென்ஷன் நீங்க திறந்த பக்கத்தையெல்லாம் படிச்சிருக்கலாம். அந்த கம்ப்யூட்டர்ல அடிச்ச உங்க பாஸ்வேர்டு அத்தனையும் நல்ல கம்ப்யூட்டர்ல இருந்து மாத்துங்க. இன்னைக்கே.

ஆடிட்டர் ஆபீஸ்:
எட்ஜ்னு சொன்ன பக்கத்துக் கடை அண்ணன் முழுசா தப்பு இல்ல. எங்க ஆபீஸ்ல அது இல்லாம முடியாது. டிஜிட்டல் கையெழுத்து டோங்கிள் செருகி வேலை பாக்குற பழைய தளங்கள் சிலது இன்னும் எக்ஸ்ப்ளோரரைத்தான் கேக்குது. எக்ஸ்ப்ளோரரை 2022 ஜூன் 15ல மூடிட்டாங்க, ஆனா எட்ஜ் உள்ள ஐஇ மோடுன்னு அதை உயிரோட வெச்சிருக்காங்க. குறைஞ்சது 2029 வரைக்கும் இருக்கும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கு. டிஃபால்ட் பிரவுசர் செட்டிங்ஸ்ல அதை அனுமதிச்சு, தளத்தோட முகவரியைச் சேர்க்கணும். சேர்த்தது 30 நாள்தான் நிக்கும், திரும்பச் சேர்க்கணும். மாசம் ஒரு நாள் "நேத்து ஓடுச்சே"ன்னு யாராவது கத்துவாங்க. நாங்க காலண்டர்ல குறிச்சு வெச்சுட்டோம்.

4 ஜிபில எட்ஜ் போட்டா ஸ்டார்ட்டப் பூஸ்ட்டை அணைச்சுடுங்க. நீங்க திறக்கலைன்னாலும் அது பின்னாடி விழிச்சிருக்கும்.

டேப் நூறு:
நான் பயர்பாக்ஸ், ஒரே ஒரு காரணம்: யூபிளாக் ஆரிஜின்ங்கிற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன். 2025ல குரோம் பழைய விதிமுறைப்படி (மேனிஃபெஸ்ட்) எழுதின எக்ஸ்டென்ஷன்களை அடியோட நிறுத்திட்டதால அங்க இப்போ அதோட லைட் பதிப்புதான் கிடைக்கும். பயர்பாக்ஸ்ல முழுசா ஓடுது, ஆண்ட்ராய்டு போன்லயும் ஓடுது. விளம்பரம் இறங்கலைன்னா மெமரியும் மிச்சம், உங்க கடை மாதிரி இடத்துல அது நல்லாவே தெரியும். டவுன்லோடுன்னு எழுதின பொய்ப் பட்டனை கஸ்டமர் அமுக்குறதும் குறையும்.

சின்னவன்:
அந்தப் பொய்ப் பட்டன் பிரேவ்லயும் வராது. சும்மா சொல்லி வெச்சேன்.

கடைக்காரி:
பட்டன் உயிர் வந்துச்சு, எக்ஸ்டென்ஷன் போச்சு. ஸ்கேன்ல இன்னும் ரெண்டு மாட்டுச்சு, அதையும் எடுத்தாச்சு. குரோம் செட்டிங்ஸ்ல பெர்ஃபாமன்ஸ்ல மெமரி சேவரும் (சும்மா கிடக்குற டேப்பைத் தூங்க வைக்கிறது) ஆன் பண்ணினேன். நேத்தைக்கு 12 டேப், மவுஸ் நடமாடுது. வைரஸ் பெட்டி நின்னுச்சு. பையன்கிட்ட கேட்டேன், "யூடியூப்ல சொன்னாங்க"ங்கிறான்.

குரோமை எடுக்கல. கஸ்டமர் உட்கார்ந்தா கெஸ்ட் விண்டோ மட்டும்தான்னு கண்டிஷனா சொல்லிட்டேன். என் சொந்தக் கணக்கெல்லாம் பயர்பாக்ஸ்ல வெச்சுக்கிட்டேன். பாஸ்வேர்டு ஒன்பது மாத்தினேன், இன்னும் நாலு பாக்கி.

ராம்பத்தாது:
சரியான ஏற்பாடு. அடுத்த மாசம் கையில காசு நின்னா ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டின்னு வேகமான டிஸ்க் ஒண்ணு போடுங்க. ராம் நிறைஞ்சதும் விண்டோஸ் டிஸ்க்கைத்தான் ராமா பயன்படுத்தும், பழைய ஹார்ட் டிஸ்க்குன்னா அங்கதான் மூச்சு முட்டும்.

கெஸ்ட்ல ஒரு விஷயம். விண்டோவை மூடினா ஹிஸ்டரி, லாகின் எல்லாம் போயிடும், இறக்கின ஃபைல் போகாது. அது டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே கிடக்கும். விண்டோஸ்ல ஸ்டோரேஜ் சென்ஸ்னு இருக்கு, அதுல டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு 1 நாள்னு வைங்க, தொடாம கிடக்குறதைத் தானா அழிக்கும்.

கடைக்காரி:
இப்பதான் திறந்து பார்த்தேன். 412 ஃபைல். பாதிக்கு மேல ஆதார். முதல்ல நிக்கிறது ஏதோ ஒரு அம்மாவோட வருமானச் சான்றிதழ், ரெண்டு வருஷம் முந்தின தேதி. ஷட்டரை இறக்கிட்டு உட்கார்றேன்.