ஊரில் முதல் குருப்பட்டம்: பந்தல், சாப்பாடு தவிர பங்கு மக்களுக்கு என்ன வேலை?

பேரவைச் செயலர்:
எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் இப்போது திருத்தொண்டராக (குருப்பட்டத்துக்கு முந்தைய நிலை) இருக்கிறார், மறைமாவட்டக் குருவாகப் போகிறவர். மே மாதம் ஒரு ஞாயிறு மாலை எங்கள் கோவில் மைதானத்திலேயே அவருக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆயர் இசைந்திருக்கிறார். எங்கள் பங்கிலிருந்து (ஊர்க் கத்தோலிக்கக் கோவில் சமூகம்) வரும் முதல் சாமியார் இவர்தான். 60 குருக்கள் வரை வருவார்கள். பங்குப் பேரவையில் பேச்செல்லாம் பந்தல், பிரியாணி, ஃப்ளெக்ஸ் என்றே போகிறது. "பட்டம் வாங்கிட்டு வேற பங்குக்குப் போறவர், நமக்கு இதுல என்ன இருக்கு?" என்றும் கேட்கிறார்கள். சடங்கில் மக்களுக்கு என்ன பங்கு? ஏற்பாட்டில் எதெது தவறும்?

வழிபாட்டுக்குழு:
அந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லுங்கள். இதுவரை உங்கள் பங்கில் பூசை வைத்த அத்தனை பேரும் வேறு ஏதோ ஓர் ஊர் கொடுத்த பிள்ளைகள்தாம். மறைமாவட்டக் குரு மறைமாவட்டத்துக்கு, அதாவது ஆயரின் ஆளுகைப் பகுதி முழுவதற்கும், சொந்தம். திருத்தொண்டர் பட்டத்தன்றே அந்த இணைப்பு நடந்துவிட்டது. மணத்துறவு வாக்குறுதியும் அன்றைக்கே கொடுத்தாயிற்று.

மக்களின் பங்கு நற்செய்தி வாசித்த உடனே தொடங்குகிறது. இவர் தகுதியானவரா என்று ஆயர் கேட்பார். மக்களிடம் விசாரித்ததையும் பொறுப்பாளர்களின் பரிந்துரையையும் சொல்லித்தான் குருமடத்தின் சார்பில் சான்று தருவார்கள். அந்த விசாரணை உங்கள் ஊரில் நடப்பது. தடை ஏதும் தெரிந்தால் பட்டத்துக்கு முன்பே ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லும் கடமை விசுவாசிகளுக்கு உண்டு (திருச்சபைச் சட்டம் 1043). கோவிலில் அறிவிப்பு வாசிக்கும்போது திருமணத்துக்கு முன் தடை உண்டா என்று கேட்டு வாசிக்கும் ஓலை போல அதைக் காதில் வாங்குங்கள். ஃப்ளெக்ஸ் அடிப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை இதுதான்.

பட்டத்துக்கு முன் அவர் குறைந்தது 5 நாள் தியானத்தில் இருக்கவேண்டும். அந்த நாட்களில் பாராட்டு விழா, அன்பிய (அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக்குழு) விருந்து என்று இழுக்காதீர்கள். அன்பியங்களில் அவருக்காகச் செபமாலை சொல்லுங்கள், அது போதும்.

மேடைப் பொறுப்பு:
பெரும்பாலும் மேடைதான் சிக்கல். புனிதர் மன்றாட்டுமாலையின்போது அவர் முகம் குப்புற முழு நீளத்துக்குப் படுக்கவேண்டும். ஆயர் கைவைத்த பிறகு எல்லாக் குருக்களும் வரிசையாக வந்து அவர் தலைமேல் கை வைப்பார்கள். வைத்தவர்கள் கீழே இறங்காமல், ஆயர் சொல்லும் அருள்பொழிவு மன்றாட்டு முடியும்வரை அவரைச் சுற்றி நிற்கவேண்டும். பூச்சட்டியும் அலங்கார வளைவும் இடத்தை அடைத்துவிட்டால் குருக்கள் படிக்கட்டில்தான் நிற்பார்கள், மக்களுக்கு ஒன்றும் தெரியாது.

கைவைப்பு முழுவதும் மௌனம். 60 பேர், ஆளுக்கு 8 நொடி என்றாலும் 8 நிமிடம் ஆகும். இங்கேதான் பாடகர் குழு பொறுக்கமாட்டாமல் ஆர்மோனியத்தைத் தொடும், வெளியே வேட்டு போடுவார்கள். கிண்ணமும் அப்பத்தட்டும் கொடுப்பதுதான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். கைவைப்பும் அதைத் தொடரும் மன்றாட்டுமே பட்டத்தைத் தருகின்றன என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் 1947இல் தெளிவாக வரையறுத்துவிட்டார். அந்த மன்றாட்டின்போது வேட்டு, மேளம், அறிவிப்பு எதுவும் கூடாது. வேட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மைக்: கீழ்ப்படிதல் வாக்குறுதியின்போது அவருடைய இரு கைகளும் ஆயரின் கைகளுக்குள் இருக்கும். பீடச்சிறுவர் ஒருவர் கம்பியில்லா மைக்கைப் பிடித்து நிற்கவேண்டும். ஒத்திகையில் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள்.

ஞாயிறு என்பதால் மன்றாட்டுமாலைக்கு மக்கள் நிற்கவேண்டும், முழங்காலிடுவதில்லை. உங்கள் ஊர்ப் பாதுகாவலர் பெயரை அதில் உரிய இடத்தில் சேர்க்கலாம்.

புதுக் குருவின் கைகளில் ஆயர் கிறிஸ்மா தைலம் பூசியபின் வெறும் தண்ணீரில் எண்ணெய் போகாது. பாதியாக வெட்டிய எலுமிச்சை 4, சோப்பு, வெந்நீர் ஒரு குடுவை, துண்டு இரண்டு வையுங்கள். ஆயருக்கும் தேவை. வழுவழுத்த கையோடு கிண்ணத்தை வாங்கினால் நழுவும்.

பேரவைச் செயலர்:
ரொம்ப நன்றி. தைலம் பூசிய கையைக் கட்டிய துணியை அம்மாவிடம் கொடுப்பார்களாமே? முதல் பூசை மறுநாள் காலை. அன்று மாலையே அவரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்யப் பலர் ஆசைப்படுகிறார்கள். அடுத்த வாரம் அவர் தங்கச்சி கல்யாணமும் இருக்கிறது.

பழைய உபதேசியார்:
ஐயா, கையைக் கட்டுவது பழைய சடங்கு, இப்போதைய முறையில் இல்லை. தைலம் துடைத்த துணியைத் தாயிடம் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாக நிற்கிறது. கொடுக்கலாம், ஆனால் நடுவில் தனிச் சடங்காக்கவேண்டாம், திருப்பலி முடிந்தபின் கொடுங்கள்.

பட்டம் கிடைத்ததுமே திருப்பலி நிறைவேற்றலாம். பாவசங்கீர்த்தனம் கேட்க ஆயரின் தனி அதிகாரம் வேண்டும். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் எந்தக் குருவும் கேட்கலாம். அதிகாரம் எழுத்தில் வந்துவிட்டதா என்று பங்குத்தந்தையிடம் கேட்டபின் வரிசை போடுங்கள். கல்யாணத்தை அவரே நடத்திவைப்பதென்றால், அது நடக்கும் பங்கின் சாமியார் அவருக்கு முன்கூட்டியே அதிகாரம் ஒப்படைக்கவேண்டும். விட்டுப்போனால் திருமணமே செல்லாது.

முதல் பூசையில் பக்தியோடு பங்கேற்பவர்களுக்கு, பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் என்ற வழக்கமான நிபந்தனைகளோடு, பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் பேறு) உண்டு. முந்தின ஞாயிறே கோவிலில் அறிவிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: பட்ட நாள், இடம், ஆயர் பெயர் ஆகியவற்றை அவருடைய ஞானஸ்நானப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். தாய் வீட்டு ஊரில் ஞானஸ்நானம் வாங்கியிருந்தால் அந்தப் பங்குக்குத் தகவல் போகவேண்டும். விழா அலைச்சலில் மறந்துபோவது இதுதான், மறுவாரமே கேட்டுவிடுங்கள்.