செம்பவாங் பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் இங்கே இருந்தால் ஓர் உதவி வேண்டும்.

என் கூட்டாளி போன வாரம் தவறிவிட்டான். வயது 66. ஆறு வயதிலிருந்து பழக்கம். எங்கள் இருவரின் அப்பாவுக்கும் கப்பல் பட்டறையில்தான் வேலை, 1968இல் அது சிங்கப்பூர் அரசிடம் கைமாறிய பிறகும். அவனுக்குச் 'சப்பாத்து' என்று பட்டப்பெயர். அப்பாவின் வேலைச் சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டு பந்து விளையாட வருவான். உதைத்தால் இரண்டும் பறக்கும். கோல் காப்பவன் எதைப் பிடிப்பான், பாவம்!

அடுத்த வாரக் கடைசியில் பதினாறாம் நாள் காரியம். அப்பாவின் சின்ன வயசுப் படம் ஒன்று வேண்டும் என்கிறாள் அவன் மகள். பிளாட்டுக்கு மாறியபோது அவர்களுடைய படப்பெட்டி தொலைந்துவிட்டது. என்னிடமும் ஒன்றும் இல்லை. அப்போது யார் கையில் கேமரா இருந்தது?

ஒரே நம்பிக்கை பங்குனி உத்திரம்தான். புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் ஈசூனுக்கு வருவதற்கு முன், கேன்பரா சாலைப் பக்கம் இருந்த காலம். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாங்கள் இருவரும் பால்குடம் எடுத்தோம். உங்கள் வீட்டு ஆல்பத்தில் காவடிப் படங்கள் இருந்தால், பின்னால் நிற்கும் பையன்களையும் பாருங்கள். இடது புருவத்தில் தழும்பு இருந்தால் அவன். பக்கத்தில் காது விடைத்து நிற்பவன் நான்.

படத்தைக் கொடுத்துவிட வேண்டாம். சொன்னால் போதும், வீட்டுக்கே வந்து ஸ்கேன் செய்துகொள்கிறேன்.