புதுப்பிப்பு: மூன்ஸ்டோன் குச்சியிலிருந்து கழன்றது பற்றி

காங்கேயம் மூன்ஸ்டோனில் (சந்திரகாந்தக் கல்) கபோஷான், அதாவது பட்டை இல்லாமல் வழவழப்பாகக் குவிந்த கல், போடும்போது, பாலீஷ் கட்டத்தில் கல் அதைப் பிடித்துத் தேய்க்கும் குச்சியை விட்டுக் கழன்றுவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். டாப் வாக்ஸை (கல்லைக் குச்சியில் ஒட்டும் மெழுகு) மாற்றிப் பாருங்கள் என்றே பலர் சொன்னீர்கள். மாற்றவில்லை. அதே வாக்ஸ்தான், இப்போது கழல்வதில்லை.

விஷயம் கல்லின் சூட்டில் இருந்தது. வாக்ஸ் என்னதான் உருகியிருந்தாலும், கல் ஆறிக் கிடந்தால் மேலாக ஒட்டும், அவ்வளவுதான். கல்லின் அடிப்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காயவிடுகிறேன். (அடுப்புக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள், ஸ்பிரிட் குப்பென்று பற்றும்.) பிறகு தகட்டில் வைத்து மெதுவாகச் சூடேற்றல். பூச்சு பளபளத்து இளகினால் கல் தயார். உருகிய வாக்ஸோடு குச்சியை அழுத்தி, ஈர விரலால் வாக்ஸைக் கல்லின் அடியோடு அணைத்துவிட வேண்டும்.

நேரே தீயில் காட்டாதீர்கள். மூன்ஸ்டோன் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிம இனம். கடினம் (வைரம் 10 என்ற அளவில்) 6 முதல் 6.5 வரைதான், இரண்டு திசைகளில் சுலபமாகப் பிளக்கும். அதனால்தான், வேலை முடிந்து கல்லைக் கழற்ற "ஃப்ரீசரில் வை, டக்கென்று விழும்" என்ற யோசனையையும் எடுக்கவில்லை. அகேட் கல்லுக்கு அது அருமையான வழி. மூன்ஸ்டோனை மறுபடி தகட்டிலேயே இளக்கி எடுத்து, ஆறியதும் ஒட்டியிருப்பதை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கழுவுகிறேன்.

இன்னொன்று, சீரியம் ஆக்சைடு (பாலீஷ் தூள்) போடும் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) சக்கரம் காயக்கூடாது. காய்ந்தால் கல் சூடேறி வாக்ஸ் நகரும்.

ஓப்பல் பற்றிக் கேட்டவருக்கு: வாக்ஸே வேண்டாம், சூடில்லாத பசை போடுங்கள்.