மென்பொருளில் ஒன்றோடொன்று இணைத்து வைத்த பதிவு தானாக மாறியபோது உங்கள் இடத்தில் என்ன நடந்தது?

திருப்பூர், ஜாப்வொர்க் பிரிவு:

எங்கள் நிறுவனத்தில் ஆர்டர், ஸ்டைல் (ஆடை மாதிரி), புரோகிராம் (துணிக்கான வேலைக் குறிப்பு), டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இணைந்த மென்பொருள் ஓடுகிறது. ஸ்டைல் எண்ணை அடித்தால் நூல் கவுண்ட் (நூலின் பருமன்), ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), டயா (துணியின் அகலம்), ஷேட் (நிறம்) எல்லாம் தாமாக வந்து நிரம்பிவிடும். அதன் அருமையை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய ஸ்டைலுக்கே ரிப்பீட் ஆர்டர் வந்தபோது, வாங்குபவர் துணியைக் கொஞ்சம் கனமாகக் கேட்டதால், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் ஸ்டைல் பதிவில் 160 என்றிருந்த ஜி.எஸ்.எம்.மை 180 என்று மாற்றினார். அது அவர் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் முதல் ஆர்டரின் கடைசி லாட் அன்றைக்குத்தான் சாயப்பட்டறையிலிருந்து காம்பாக்டிங்குக்கு (துணியைச் சுருக்கி அளவை நிலைப்படுத்தும் வேலைக்கு) இறங்கியிருந்தது. அந்த லாட்டுக்கு அச்சிட்ட புரோகிராம் சீட்டிலும் 180 என்றே வந்துவிட்டது.

மெஷின் ஓட்டுபவர் ரோலில் கட்டியிருந்த அட்டையையும் எங்கள் சீட்டையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் 160 என்று எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். உடனே போனில், "ஏனுங்க, சீட்டைப் பாத்து ஓட்டறதுங்களா, துணியைப் பாத்து ஓட்டறதுங்களா?" என்று கேட்டார். துணியின் கனம் பெரும்பாலும் நூல் கவுண்ட்டிலும் நிட்டிங்கில் (பின்னலில்) வைக்கும் லூப் (கண்ணி) நீளத்திலுமே முடிவாகிவிடுகிறது. காம்பாக்டிங்கில் ஓவர்ஃபீடைக் கூட்டினால், அதாவது துணியை அதிகமாக உள்ளே ஊட்டினால், ஓரளவு ஏறும், ஆனால் துணியின் நீளம் குறைந்துபோகும். அவர் கேட்காமல் ஓட்டியிருந்தால் கட்டிங்குக்குத் துணி பற்றாமல் போயிருக்கும். பழைய ஆர்டரின் சீட்டுக்குள் புதிய ஆர்டரின் எண் எப்படி நுழைந்தது என்பதற்கு, மென்பொருள் கொடுத்தவர்களிடமிருந்து "அது அப்படித்தான் இணைக்கப்பட்டிருக்கிறது" என்ற பதில் மட்டுமே கிடைத்தது.

ஈரோடு, ஆயத்த ஆடை மொத்த வியாபாரம்:

எங்களுடையது வரி விகிதம் பற்றியது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று ஆனது. அதற்கு முன் 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12 சதவீதம். அன்று காலையே சரக்குப் பதிவில் விகிதத்தை மாற்றிவிட்டோம், புதிய பில்கள் சரியாகவே வந்தன. ஆகஸ்டில் பில் போட்ட சுடிதார் செட்டுகளில் சிலவற்றைத் தீபாவளிக்குப் பிறகு ஒரு கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதற்குக் கிரெடிட் நோட் (திரும்பிய சரக்கின் தொகையைக் கழித்துக் காட்டும் சீட்டு) போட்டபோது, வரிக் கட்டத்தில் சரக்குப் பதிவிலிருந்து 5 சதவீதமே வந்து நிரம்பியது. விற்றபோது எந்த விகிதமோ அதே விகிதத்தில்தான் திருப்பம் காட்ட வேண்டும். 1,500 ரூபாய் செட்டுக்கு அவர் கொடுத்த வரி 180 ரூபாய், எங்கள் நோட்டு காட்டியது 75 ரூபாய். உருப்படிக்கு 105 ரூபாய் எங்கே போயிற்று என்று, பல வருடப் பழக்கமுள்ள அந்தக் கடைக்காரர், பில்லையும் நோட்டையும் மேசையில் வைத்துக் கேட்டபோது, அவர் குரலில் இருந்த சந்தேகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கோயம்புத்தூர், பம்ப் உற்பத்தி:

மேலே எழுதிய இருவரும் தானாக மாறுவதையே குற்றவாளியாக்குகிறீர்கள். எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. பம்ப் கேசிங்கின் (வெளிக்கூட்டின்) டிராயிங் திருத்தப்பட்டு, புதிய ரிவிஷன் (திருத்த எண்) பொருள் பதிவில் ஏறிவிட்டது. ஆனால் ஏற்கெனவே திறந்திருந்த பர்ச்சேஸ் ஆர்டரில் பழைய ரிவிஷன் எண் நகலாகவே உட்கார்ந்திருந்தது. அரசூர்ப் பக்கத்து ஃபவுண்டரி (வார்ப்பாலை) அதைப் பார்த்தே வார்த்து அனுப்பியது. ஜிக்கை (துளையிடும் இடத்தைக் காட்டும் சட்டத்தை) வைத்துப் பார்த்தபோது, துளை விழ வேண்டிய இடம் ஃப்ளாஞ்சின் (இணைப்பு வளையத்தின்) விளிம்போடு ஒட்டி நின்றது. ஆகவே, மாறாமல் இருப்பதும் காசைத் தின்னும்.

இதில் நான் சொல்ல விரும்புவது கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளவும். திரையில் உள்ள ஒரு கட்டம் மூலப் பதிவை எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அல்லது ஆவணம் உருவாகும் நேரத்தில் மதிப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். எந்தக் கட்டம் எந்த வகை என்பதை விற்பவர் தீர்மானிக்க விட்டுவிடுகிறோம் என்பதுதான் எங்கும் நான் காணும் குறை. தொடர்பு எண்ணும் பொறுப்பாளரின் பெயரும் எட்டிப் பார்க்கட்டும். விலை, வரி, அளவு, முகவரி ஆகியவை, ஆவணம் வரைவாக இருக்கும்வரை மூலத்தைப் பின்தொடர்ந்து, ஒப்புதல் ஆனவுடன் நகலாகி உறைந்துவிட வேண்டும். ஈரோட்டு நண்பரின் வரி விகிதம் ஒரே கட்டமாக இருந்ததுதான் அங்கே சிக்கல். "எந்தத் தேதியிலிருந்து" என்ற கட்டத்தோடு பழைய விகிதமும் புதிய விகிதமும் தனித்தனி வரிசைகளாக இருக்க வேண்டும், கிரெடிட் நோட் சரக்குப் பதிவை விட்டு மூலப் பில்லிலிருந்து விகிதத்தை எடுக்க வேண்டும். ஆர்டர் மாறினால் டி.சி. மாறும், டி.சி. மாறினால் ஆர்டரின் நிலுவை மாறும் என்று இரண்டு பக்கமும் விதி எழுதினால் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும், அதையும் கவனியுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பது சட்டம். தானியங்கி விதி செய்த மாற்றங்கள் அந்தத் தடத்தில் யார் பெயரில் விழுகின்றன என்று ஒருமுறை திறந்து பாருங்கள். வெளியே போய்விட்ட ஆர்டருக்கு மட்டும், மூலம் மாறினால், "இந்த ஆர்டர்களையும் மாற்றட்டுமா" என்று மென்பொருள் பயனரைக் கேட்க வேண்டும்.

கரூர், வீட்டு உபயோகத் துணி:

கோவை நண்பரின் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் மென்பொருள் கேட்கத்தான் செய்தது. பெங்களூரு வாடிக்கையாளர் குடோனை மாற்றியதும், கணக்குப் பிரிவில் இருப்பவர் பார்ட்டி பதிவில் முகவரியைத் திருத்தினார், "இணைந்த பதிவுகளையும் புதுப்பிக்கவா" என்று ஒரு பெட்டி வந்தது, ஆம் என்று அழுத்தினார். நாள் முழுக்க அப்படிப்பட்ட பெட்டிகளுக்கு ஆம் சொல்லியே வேலை நடக்கிற இடத்தில் வேறு எதை அழுத்துவார்? இணைந்த பதிவுகளில், அன்று மதியம் லோடு ஏற்றிக்கொண்டிருந்த பெட்ஷீட் பேல்களின் பில்லும் ஒன்று. சரக்குப் போக்குவரத்துக்கான ஜி.எஸ்.டி. மின் ஆவணமான இ-வே பில் காலையிலேயே எடுத்தாகிவிட்டது. எடுத்த பிறகு அதில் வண்டி எண்ணைப் புதுப்பிக்கலாமே தவிர முகவரியைத் திருத்த முடியாது. தவறு என்றால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டும். டிரைவரிடம் கொடுத்த பில்லோ மதியம் அச்சிட்டது. பில்லில் ஒரு முகவரி, இ-வே பில்லில் ஒரு முகவரி. ஓசூரைத் தாண்டிய சோதனையில் அதிகாரி இரண்டு தாளையும் விரித்து, "சரக்கு உண்மையில் எங்கே இறங்குகிறது?" என்று கேட்டபோது, ஓட்டுநருக்கு என்ன தெரியும்? இரவு முழுவதும் வண்டி அங்கேயே நின்றது.

உறைவது ஒப்புதலோடு நடக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன், ஆனால் வெளியே போன ஆவணத்தை மாற்றுவதற்கு ஒரு பொத்தானே இருக்கக்கூடாது. மாற்ற வேண்டுமென்றால் பழையதை ரத்து செய்து, புதிய எண்ணில் திருத்த ஆர்டர் எழுதி, எதிர்த் தரப்புக்கு அனுப்பட்டும். உங்கள் ஃபவுண்டரிக்கும் அதுதான் பொருந்தும். உங்கள் திரையில் ரிவிஷன் எண் தானாக மாறியிருந்தாலும், அவர்கள் கையில் இருந்த தாளில் பழைய எண்தானே இருந்திருக்கும்?

கோயம்புத்தூர், பம்ப் உற்பத்தி:

தாளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் எங்கள் ஃபவுண்டரி எங்கள் மென்பொருளுக்குள்ளேயே நுழைந்து ஆர்டரைப் பார்க்கிறது, தாள் போவதில்லை. அங்கே ரத்து செய்து மறுபடி எழுதும்வரை, பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) ஏறி வார்ப்பு தொடங்கிவிடும். மூலம் மாறிய நிமிடமே ஆர்டரை நிறுத்தி வைக்கும் விதி ஒன்றாவது தானாக ஓட வேண்டும்.

திருப்பூர், ஜாப்வொர்க் பிரிவு:

நிறுத்தி வைப்பது எங்களுக்கும் உதவும். ரிப்பீட் ஆர்டருக்குப் பழைய ஸ்டைலைத் திருத்தாமல், நகலெடுத்துப் புதிய ஸ்டைல் எண் கொடுக்கும்படி இப்போது மெர்ச்சன்டைசர்களிடம் சொல்லியிருக்கிறோம். ஆனால் வாங்குபவர் தன் ஸ்டைல் எண்ணை மாற்றச் சம்மதிப்பதில்லை. அதனால் அவர் எண்ணும் எங்கள் எண்ணும் வேறாகிவிடுகின்றன, பேக்கிங் லிஸ்ட்டில் எதை அச்சிடுவது என்று தினமும் கேள்வி வருகிறது. இரண்டு எண்ணையும் இணைத்து வைத்து யாராவது சிக்கலில்லாமல் ஓட்டுகிறீர்களென்றால் எப்படி என்று எழுதுங்கள்.