சைனஸ் லிஃப்டில் மெம்பிரேன் கிழிந்தது, பாதியில் மூடிவிட்டேன்: சரிதானா?

கேள்வி:
நான் பல் மருத்துவர். இம்பிளான்ட் (செயற்கைப் பல் வேர்) வைக்க எலும்பு போதாததால் சைனஸ் லிஃப்ட் செய்தேன்: மேல் தாடைக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறையின் உட்சவ்வை (மெம்பிரேன்) தூக்கி, அடியில் எலும்புத் துகள் நிரப்புவது. பேஷன்ட்டுக்கு 52 வயது, புகைப்பழக்கம் இல்லை. மேல் வலது முதல் கடைவாய்ப்பல் இடத்தில் எலும்பு உயரம் 4 மி.மீ.தான். பக்கவாட்டு எலும்பில் ஜன்னல் திறந்து மெம்பிரேனைத் தூக்கும்போது, உள்ளே நின்ற எலும்புத் தடுப்பின் விளிம்பில் கிழிந்துவிட்டது. 6 மி.மீ. இருக்கும். ஓட்டையை மூட கொலாஜன் மெம்பிரேன் (கரையும் மெல்லிய ஒட்டுத்தாள்) வைத்தேன், அது ஓட்டைக்குள்ளேயே நழுவியது. எலும்புத் துகள் போடவில்லை, இம்பிளான்ட்டும் வைக்கவில்லை. தையல் போட்டு மூடிவிட்டேன். இன்று 2-ம் நாள், மூக்குச் சளியில் லேசாக ரத்தம் வருகிறதாம். பயமாக இருக்கிறது.

பதில் 1:
டாக்டர், நிறுத்தியது சரி. மூடாத ஓட்டை வழியாகத் துகள் சைனஸுக்குள் சிதறி அதன் வடிகால் வாயை அடைத்தால் சைனசைட்டிஸ் வரும், போட்ட கிராஃப்ட்டும் (எலும்புத் துகள்) போய்விடும். முதல் சில நாள் லேசான ரத்தம் வழக்கம்தான். ஆனால் காய்ச்சல், ஒரே பக்கம் கெட்ட வாடையோடு சளி, கூடிக்கொண்டே போகும் கன்ன வலி வந்தால் உடனே பார்த்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். இரண்டு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ரா வேண்டாம்.

கொலாஜன் ஏன் நழுவியது? கிழிசலைச் சுற்றியுள்ள சவ்வை முதலில் எலும்பிலிருந்து விடுவித்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
இல்லை. கிழிந்த இடத்தை ஒட்டியேதான் தூக்கினேன். காற்று கசிகிறதா என்று மூக்கைப் பொத்தி ஊதச் சொல்லியும் பார்த்தேன்.

பதில் 1:
அங்கேதான் பெரிதாகியிருக்கும். ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தபின் ஊதச் சொல்லவே வேண்டாம், காற்றழுத்தம் அதை இன்னும் விரிக்கும். இந்த மெம்பிரேன் பலருக்கு 1 மி.மீ. தடிமன்கூட இருக்காது. கிழிசலை விட்டு விலகி, நல்ல பக்கத்திலிருந்து எலும்போடு ஒட்டியே கருவியை நகர்த்துங்கள். இழுவிசை தளர்ந்தால் சின்னக் கிழிசல் தானாகவே மடிந்து மூடிக்கொள்ளும். அதன்பிறகு கொலாஜன். ஓட்டை அளவுக்கு வெட்டாமல் தாராளமாக எடுத்து, ஓரத்தை ஜன்னலுக்கு வெளியே எலும்பின் மேல் மடித்து வைத்தால் நழுவாது. சுற்றிலும் விடுவித்த பிறகும் 10 மி.மீ.க்கு மேல் ஓட்டை இருந்தால் நான் மூடிவிட்டு வந்துவிடுவேன்.

பதில் 2:
சி.பி.சி.டி.யில் (தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) அந்தத் தடுப்பு தெரிந்திருக்குமே? தடுப்பின் இரண்டு பக்கமும் தனித்தனி ஜன்னல் போட்டால் விளிம்பின் மேல் மெம்பிரேனை இழுக்க வேண்டியிருக்காது.

கேள்வி கேட்டவர்:
பழைய ஸ்கேனை மறுபடி திறந்து பார்த்தேன், தடுப்பு தெளிவாகவே இருக்கிறது. அன்று எலும்பு உயரத்தை மட்டும் அளந்துவிட்டு ஸ்கேனை மூடியிருக்கிறேன். இன்று பேஷன்ட்டை வரவழைத்துப் பார்த்தேன்: காய்ச்சல் இல்லை, வீக்கம் குறைகிறது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். 4 மாதம் கழித்துப் புது ஸ்கேன் எடுத்துவிட்டு, இரண்டு ஜன்னலாகத் திறக்கப் போகிறேன்.