பொதுச் சுகாதார முதுமாணிக்கு இந்த வருசமே போடுறதா, பொறுக்கிறதா? வழி சொல்லுங்கோ

மல்லாவிப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் பம்பைமடுவில, வவுனியாப் பல்கலைக்கழகத்தில சுற்றாடல் விஞ்ஞானம் படிச்சனான். போன வருசம் மார்ச் தொடக்கம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தின்ர குடிதண்ணித் திட்டத்தில கள உத்தியோகத்தரா நிக்கிறன். கிணத்துத் தண்ணி எடுத்துச் சோதிக்கிறது, ஆர்.ஓ. தண்ணி, அதாவது இயந்திரத்தால வடிகட்டிச் சுத்தமாக்கின தண்ணி, குடுக்கிற இடங்களைப் பாக்கிறது, வீடு வீடாப் போய்ப் படிவம் நிரப்புறது, இதுதான் வேலை. ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது. நீடிப்பினமோ எண்டு கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை.

பொதுச் சுகாதாரத்தில முதுமாணி செய்ய விருப்பம். எப்ப போடுறது எண்டதிலதான் குழப்பம். அப்பா சொல்லுறார், பட்டதாரி நியமனம் வரும், அபிவிருத்தி உத்தியோகத்தரா ஏறி இருந்துகொண்டு பிறகு எதையும் படி எண்டு. கூடப் படிச்ச பிள்ளை சொல்லுறா, ரெண்டு வருச அனுபவம் இல்லாம செவனிங் எண்ட பிரித்தானிய அரசின்ர புலமைப்பரிசில் பக்கம் தலை வைக்கவே ஏலாதாம். பெரியம்மா என்ன சொல்லுறா எண்டு உங்களுக்கே தெரியும், அதை விடுவம்.

போன ஒக்ரோபரில விண்ணப்பத்துக்கு ஒரு நோக்கக் கூற்று, ஏன் படிக்க விரும்புறன் எண்டு சொல்லுற கட்டுரை, எழுதத் தொடங்கினனான். முதல் வரி: "போரில் சிதைந்த மண்ணில் பிறந்து வளர்ந்த நான், மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்." அதுக்குப் பிறகு ரெண்டாவது வரி வரேல்லை. கிழிச்சுப்போட்டன்.

ஏ9கடைசிபஸ்:
தங்கச்சி, அப்பா சொல்லுறதைக் கேளுங்கோ. அரச வேலை கையில இருந்தா பென்சன் இருக்கு. படிப்பு எங்கயும் ஓடிப் போகாது.

பாலைப்பழம்:
கடைசி பஸ் அண்ணை, படிப்பு ஓடாதுதான், ஆனா நியமனம் கிடைச்ச பிறகு ஆள் ஓடேலாது. தகுதிகாண் காலம் மூண்டு வருசம். அதுக்குள்ள வெளிநாட்டுப் படிப்புக்கு லீவு எடுக்கிறது லேசான காரியமில்லை. பிறகு லீவு கிடைச்சாலும் திரும்பி வந்து இத்தினை வருசம் வேலை செய்யவேணும் எண்டு பிணை எழுதிக் குடுக்கவேணும். நான் அந்த வழியாலதான் போனனான். 25 வயதில நினைச்சதை 34இலதான் செய்தன். குறை சொல்லேல்லை, ரெண்டு பிள்ளையளும் பிறந்தாச்சு. ஆனா "ஏறி இருந்துகொண்டு பிறகு படி" எண்டதில அந்தப் "பிறகு" எவ்வளவு நீளம் எண்டதை அப்பாவுக்கு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ.

மல்லாவிப்பிள்ளை, உங்கட சிநேகிதி சொன்னது அரைவாசிதான் சரி. செவனிங் கேக்கிறது ரெண்டு வருச அனுபவம்தான், ஆனா அதை 2800 மணித்தியாலம் எண்டுதான் எண்ணுகினம். கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்யிற ஆளுக்கு அது 70 கிழமை. அதாவது பதினாறு மாசம். பகுதிநேர வேலை, சம்பளமில்லாத தொண்டு வேலை எல்லாம் சேரும். உங்கட வரவுப் பதிவேட்டை எடுத்து வைச்சு எண்ணுங்கோ. வழமையா ஓகஸ்ட், செப்ரெம்பர் மட்டில திறந்து ஒக்ரோபர், நவம்பர் மட்டில மூடுகினம். ஒவ்வொரு வருசமும் திகதி கொஞ்சம் அசையும், அவையின்ர பக்கத்தில பாத்துத்தான் நம்பவேணும்.

குளக்கட்டு:
நான் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒண்டில வேலை செய்யிற டொக்டர். முதல்ல ஒரு சிக்கலை அவிழ்த்து விடுறன், இதில கன பேர் தடக்குப்படுகினம். கொழும்பில பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில இருக்கிற சமுதாய மருத்துவ முதுமாணி எங்களைப் போல எம்.பி.பி.எஸ். முடிச்ச ஆக்களுக்கு. வெளிநாடுகளில பொதுச் சுகாதார முதுமாணி அப்பிடியில்லை. சுற்றாடல், தாதியியல், புள்ளிவிவரம், சமூகவியல் எண்டு எங்கயிருந்தும் வருவினம். உங்களுக்குக் கதவு அங்கதான்.

ரெண்டாவது, காலத்தைப் பற்றி. பட்டம் முடிச்ச கையோட போட்ட பிள்ளையளின்ர விண்ணப்பங்களைத் திருத்திக் குடுத்திருக்கிறன். எல்லாம் ஒரே மாதிரி: சேவை, ஆர்வம், கனவு. களத்தில ரெண்டு மழைக்காலம் நிண்ட ஆளின்ர எழுத்து வேற. அந்த ஆளிட்ட ஒரு கேள்வி இருக்கும். நீங்கள் ஒட்டுசுட்டானில ஒரு மாரி பாத்திட்டியள். அதில உங்களுக்கு விளங்காமப் போன ஒண்டைச் சொல்லுங்கோ. போரை விடுங்கோ, அது எங்கள் எல்லாருக்கும் பொது. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன?

மல்லாவிப்பிள்ளை:
டொக்டர் கேட்டதை ரெண்டு நாளா யோசிச்சன். ஒண்டு இருக்கு, ஆனா அது விண்ணப்பத்தில எழுதுற விசயமோ தெரியாது.

நாங்கள் போற ஒரு வீட்டில ஒரு ஆச்சி. கிணறு சரியான காவி, தண்ணி கடினம். கேத்தலுக்குள்ள எட்டிப் பாத்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா அப்பிக்கிடக்கு, நகத்தால சுரண்டினா செதில் செதிலா வரும். மகனுக்கு சிறுநீரக வருத்தம், கிழமைக்கு ரெண்டு தரம் ரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போறார். ஆர்.ஓ. தண்ணி எடுக்கிற இடம் சைக்கிளில பத்து நிமிசம்தான். கானும் நாங்களே குடுத்தனாங்கள். அந்தக் கானுக்குள்ள ஆச்சி நெல்லு வைச்சிருக்கிறா! தண்ணி இன்னும் கிணத்திலதான். கேட்டா, "அந்தத் தண்ணியில தேத்தண்ணி வைச்சா வாயில ஒண்டும் தெரியேல்லை பிள்ளை, வெறும் சப்பு. இதிலதான் சாயம் பிடிக்கும்" எண்டுறா.

நான் படிச்ச படிப்பில கடினத்தன்மை, புளோரைட்டு எல்லாம் அளப்பன். இந்தச் சாயத்தை எதால அளக்கிறது?

குளக்கட்டு:
இதைத்தான் கேட்டனான்.

வடமத்திய மாகாணத்தில 90களில இந்தச் சிறுநீரக வருத்தம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினது. மதவாச்சி, பதவியா எண்டு தொடங்கி எங்கட பக்கமும் வந்திட்டுது. தண்ணியின்ர கடினம், புளோரைட்டு, விவசாய நஞ்சு, வெயிலில தண்ணி குடியாமல் வேலை செய்யிறது எண்டு எத்தினையோ சொல்லியாச்சு, ஒரு காரணத்தில இன்னும் முடிவாகேல்லை. ஆனா உங்கட கேள்வி காரணத்தைப் பற்றினது இல்லை. நல்ல தண்ணி பக்கத்தில இருந்தும் ஏன் சனம் எடுக்கேல்லை? அதுக்கு நோய்ப்பரவலியலும் வேணும், நடத்தையைப் படிக்கிற பாடமும் வேணும். சுற்றாடல் விஞ்ஞானம் மட்டும் காணாது. நீங்கள் ஏன் துறை மாறுறியள் எண்டு தேர்வுக்குழு கேட்டா, மறுமொழி அந்தக் கானுக்குள்ள கிடக்கு.

போடுங்கோ. இந்த ஓகஸ்டிலயே போடுங்கோ.

ஏ9கடைசிபஸ்:
டொக்டர் சொன்னாச் சரி. ஆனா நியமனத்துக்கு நேர்முகம் கூப்பிட்டா அதுக்கும் போங்கோ தங்கச்சி. போய் இருந்திட்டு வாறதுக்குக் காசில்லைத்தானே.

பனிக்காலவன்னி:
நான் அமெரிக்காவில படிக்கிறன், சொந்த இடம் புதுக்குடியிருப்பு. இஞ்சத்தைக் கணக்கையும் சொல்லிவிடுறன். பொதுச் சுகாதாரப் பள்ளியளுக்குக் கூடுதலா சோஃபாஸ் (SOPHAS) எண்ட ஒரே இணைய வாசலாலதான் விண்ணப்பம். ஓகஸ்ட், செப்ரெம்பர் மட்டில திறக்கும், கன இடங்களுக்கு டிசம்பர், ஜனவரியில கடைசித் திகதி. படிப்பு பெரும்பாலும் ரெண்டு வருசம், பிரித்தானியாவில ஒரு வருசம். முதுமாணிக்கு முழுக்காசும் தாற இடம் இஞ்ச குறைவு, கடன்பட்டு வராதையுங்கோ. எங்கட வகுப்பில நேரா வந்த பிள்ளையளும் இருக்கினம், அஞ்சாறு வருசம் வேலை செய்த ஆக்களும் இருக்கினம். நேரா வந்ததுகள் புள்ளிவிவரத்தில கெட்டி. குழு வேலை எண்டு வந்தா மற்ற ஆக்களைத்தான் தேடுங்கள்.

செவனிங் சரிவராட்டி, அவுஸ்திரேலிய அரசின்ர புலமைப்பரிசில், அவுஸ்திரேலியா அவோர்ட்ஸ், வழமையா பெப்ரவரி முதலாம் திகதி திறந்து ஏப்ரல் 30இல மூடும். ஒப்பந்தம் டிசம்பரில முடிஞ்சாலும் கை வெறுமையா இருக்காது. ரெண்டிலயும் படிச்சு முடிய ரெண்டு வருசம் நாட்டுக்குத் திரும்பி நிக்கவேணும், அதை வீட்டில சொல்லுங்கோ, அப்பா கொஞ்சம் இளகுவார்.

பாலைப்பழம்:
சின்னச் சின்ன விசயம், ஆனா இதிலதான் ஆக்கள் விழுகினம்.

பெறுபேற்றுப் பத்திரத்துக்கு இண்டைக்கே பம்பைமடுவுக்கு எழுதுங்கோ, ஒண்டுக்கு நாலாக் கேளுங்கோ. நான் ஒரு கடிதாசிக்கு ஆறு கிழமை நடந்தனான், எங்க எண்டு சொல்லேல்லை.

சிபாரிசுக் கடிதத்துக்கு உங்கட விரிவுரையாளரை இப்பவே பிடியுங்கோ. அவையும் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போற ஆக்கள்தானே, போனா மின்னஞ்சலுக்குப் பதில் வாறதுக்குள்ள பொங்கல் வந்திடும். மற்றக் கடிதம் உங்கட திட்டப் பொறுப்பாளரிட்ட. திட்டம் மூடின பிறகு அவரைத் தேடி அலையாமல் டிசம்பருக்கு முதல் வாங்கிவையுங்கோ.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். எண்ட ஆங்கிலச் சோதனையின்ர பெறுபேறு ரெண்டு வருசத்துக்குத்தான் செல்லும். காசும் கொஞ்சமில்லை. அவசரப்பட்டு இப்ப எழுதாமல் பல்கலைக்கழகத்துக்குப் போடுற நேரத்தைப் பாத்து எழுதுங்கோ. செவனிங்குக்கு மூண்டு பாடநெறி தெரிவு செய்யவேணும், அதுக்குப் புறம்பா பல்கலைக்கழகங்களுக்கு நீங்களே போடவேணும், ஒண்டு முடிய மற்றது தானா நடக்கும் எண்டு இருக்காதையுங்கோ.

மல்லாவிப்பிள்ளை:
பதிவேட்டை எண்ணினன். இண்டையோட 61 கிழமை, 2440 மணித்தியாலம். இன்னும் ஒன்பது கிழமை. டெங்குச் சிரமதானத்துக்குப் போன நாள்களும் இருக்கு, அதுக்குக் கடிதம் கேட்டிருக்கிறன்.

அப்பாவிட்டயும் கதைச்சன். முழுக்க ஓம் எண்டு சொல்லேல்லை. "ஒருக்காத்தான் போடலாம்" எண்டார். அதுவே பெரிய விசயம். பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது.

புதுசா முதல் வரி எழுதினன்: "நாங்கள் குடுத்த இருபது லீற்றர்க் கானில் அந்த வீட்டார் நெல் சேமிக்கிறார்கள்." இந்த முறை ரெண்டாவது வரியும் வந்தது. செவ்வாய்க்கிழமை ஆச்சி வீட்டுப் பக்கம் போறன், அந்தக் கேத்தலை ஒரு படம் எடுத்துக்கொண்டு வாறன்.

குளக்கட்டு:
ஆச்சியிட்டக் கேட்டுப்போட்டு எடுங்கோ பிள்ளை. தேத்தண்ணி தந்தா குடிச்சும் பாருங்கோ.